மேளக்காரர் நிற்கும் இடம்

ஒலியின் துணையால் மனிதர் தம்மை மறக்கும் நிலை ஒன்று உண்டு என்பதைப் பெரும்பாலான சமயங்கள் ஏதோ ஒரு வகையில் அறிந்தே வந்திருக்கின்றன. அந்த நிலையை உண்டாக்குவது ஒலியா, அதைக் கேட்கும் மனமா, இரண்டுக்கும் அப்பாற்பட்ட ஒரு சக்தியா என்பதில்தான் சமயவாதிகளும் மெய்யியலாரும் அண்மைக்கால இசை ஆய்வாளரும் பிரிந்து நிற்கின்றனர். கோலாலம்பூரின் வடபகுதியிலுள்ள செந்தூலில் இந்தக் கேள்வி ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை. மலாயா ரயில்வேயின் மையப் பணிமனை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு அமைந்ததையொட்டித் தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தவர்கள் குடியேறி வளர்த்த இவ்வட்டாரத்தின் ஓரமாக, ஜாலான் ஈப்போ வழியே, ஆண்டுதோறும் தைப்பூசத்தை முன்னிட்டு மகாமாரியம்மன் கோயிலின் வெள்ளி ரதம் பத்துமலை நோக்கிச் செல்கிறது. உறுமி மேளம் அப்போது தெருவையே நிறைக்கிறது. அதே வட்டாரத்தின் அடுக்குமாடி வீடுகளில், மடிக்கணினியும் ஹெட்போனுமாக இரவில் அமர்ந்து, டிரான்ஸ் எனப்படும் மின்னணு நடன இசையை உருவாக்கி டிஜேயாக மேடையேற விரும்பும் இளைஞரும் இருக்கின்றனர். தை மாதத்தில் மேளக்குழுவோடு நடப்பவரும் மற்ற மாதங்களில் கல்யாண விருந்துகளில் பாட்டுப் போடுபவரும் சில வேளைகளில் ஒருவராகவே இருப்பதால், இரண்டு இசைகளும் ஒன்றைத்தான் செய்கின்றனவா என்ற கேள்வி அவரளவில் தொழில் பற்றிய கேள்வியும் ஆகிவிடுகிறது.

அருள் வருதல், சாமி வருதல், மருளாடுதல் என்று பலவாறு சுட்டப்படும் நிலையை முதலில் வரையறுத்துக்கொள்வது நல்லது. நேர்த்திக்கடன் செலுத்த விரதமிருந்து வந்த ஒருவர், உரிய இடத்தில், உரிய ஆட்கள் சூழ, தம் அன்றாட நினைவு விலகி, தம் உடலில் ஒரு தெய்வத்தின் ஆற்றல் இறங்கியதாகத் தாமும் சுற்றியிருப்போரும் ஏற்கும் வகையில் நடந்துகொள்வதே அந்நிலை. இவ்வரையறையில் சுற்றியிருப்போர் ஏற்பது என்ற பகுதி தள்ளத்தக்கதன்று. ஏற்பதற்கு ஆளில்லாத இடத்தில் அதே நடுக்கமும் அதே கூவலும் நோயாகவோ போதையாகவோதான் கொள்ளப்படும்.

பத்துமலை அடிவாரத்தின் ஆற்றங்கரையில் இது நிகழும் முறையைச் சற்று அருகிருந்து கவனித்தால், அதில் எத்தனை கைகள் கலந்திருக்கின்றன என்பது விளங்கும். குளித்து ஈரத் துணியோடு நிற்பவரின் முகத்துக்கு நேரே சாம்பிராணிப் புகை காட்டப்படுகிறது. பூசாரியோ விரதத்தில் வழிநடத்திய மூத்தவரோ திருநீற்றை அவர் நெற்றியில் வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு காதருகே முருகன் பெயரைச் சொல்கிறார். குடும்பத்தார் ‘வேல் வேல்’ என்று குரல் கொடுக்க, மேளம் மெல்லத் தொடங்கி வேகம் பிடிக்கிறது. சிலருக்கு உடனே தோள் குலுங்கிக் கால் தரிக்காமல் போகிறது. சிலருக்கு நெடுநேரமாகியும் எதுவும் நேர்வதில்லை. அப்போது மூத்தவர் கையசைக்க மேளம் நின்று, வேறொரு தாளத்தில் மறுபடி எடுக்கப்படுகிறது. அதன் பிறகே நாக்கிலும் கன்னத்திலும் அலகு குத்துவதும் காவடியைத் தோளில் ஏற்றுவதும் நடக்கின்றன. 272 படிகளையும் ஏறி, குகைக்குள் சன்னிதிக்கு முன் காவடி இறக்கப்பட்டு, அலகு உருவப்பட்டு, அந்த இடத்தில் திருநீறு வைத்து அழுத்தியதும், பெரும்பாலோர் தளர்ந்து உறவினர் தோளில் சாய்கின்றனர். சாமி மலையேறுதல் என்று மக்கள் சொல்லும் இந்த இறக்கமும், வந்ததைப் போலவே, பிறர் கையால் நடத்தப்படுவது.

இந்த நிகழ்வின் மையக் கருவியான உறுமி, இடை சிறுத்த இருமுகத் தோற்கருவி. அதன் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்த்து உறுமலை எழுப்பி, மறுமுகத்தை வேறொரு குச்சியால் அடிப்பர். தவில், பம்பை, உடுக்கை முதலியவற்றோடு சேர்ந்து இது தோட்டப்புறத்து மாரியம்மன், முனீஸ்வரர் கோயில்களில் ஒலித்து வந்தது. ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டு அங்கிருந்த குடும்பங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கின் நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்தபோது மேளமும் உடன் வந்து, குழுப் பெயர் பொறித்த சட்டையணிந்த இளைஞர் அணிகளாக வளர்ந்தது. திரைப்பாடல் மெட்டில் சாமி பாட்டுப் பாடுகிறார்கள், கூத்தடிக்கிறார்கள் என்ற கண்டனம் சமய அமைப்புகளிடமிருந்தும் கோயில் நிர்வாகங்களிடமிருந்தும் தைப்பூசம்தோறும் எழுவது மலேசிய வாசகர்களுக்குப் புதிதன்று.

டிரான்ஸ் இசையின் வரலாறு இதைவிடச் சுருக்கமானது. 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியில், குறிப்பாக ஃபிராங்ஃபர்ட் நகர இரவு விடுதிகளில் உருப்பெற்ற இவ்வகை, நிமிடத்துக்கு ஏறத்தாழ 130 முதல் 145 அடிகள் என்ற வேகத்தில், ஒவ்வோர் அடியிலும் ஒரு கனத்த முழவொலியை வைத்து, அதன்மேல் சிறு சுரக்கோவை ஒன்றைத் திரும்பத் திரும்பச் சுழலவிட்டு, அந்தச் சுழற்சியின் ஒலிநிறத்தை மட்டும் மிக மெதுவாக மாற்றிக்கொண்டே போவது. நடுவில் முழவொலி அறவே நிறுத்தப்படுகிறது. மெட்டு மட்டும் தனித்து நீள, கூட்டம் கையுயர்த்திக் காத்திருக்க, பிறகு எல்லாம் ஒருங்கே திரும்பி வருகிறது. நான்கு அடிகளை ஒரு பார் என்று கொள்வது இத்துறை வழக்கு; 138 வேகத்தில் 32 பார் என்பது சுமார் 56 விநாடி. இந்த 56 விநாடி வெற்றிடத்தை எங்கே வைப்பது, எப்போது முடிப்பது என்பதில்தான் தயாரிப்பாளரின் திறமை பெரும்பாலும் அடங்கியிருக்கிறது. ஆற்றங்கரையில் மூத்தவரின் கையசைவுக்கு மேளம் நின்று மறுபடி எழுவதை நினைவில் வைத்திருப்பவருக்கு இந்த உத்தி அந்நியமாகத் தோன்றாது.

இந்தியாவுக்கும் இவ்விசைக்கும் உள்ள உறவு கோவாவின் அஞ்சுனா, வாகத்தோர் கடற்கரைகளோடு தொடர்புடையது. அங்கு மேலைநாட்டு ஹிப்பிகள் நடத்திய இரவுக் கூடல்களிலிருந்து கோவா டிரான்ஸ் என்ற தனிக் கிளை பிறந்தது. 1951இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்து, இந்தியாவுக்கு வந்து சாதுக்களிடம் தீட்சை பெற்று, 2023இல் மறைந்த கோவா கில், தம் நடனக் கூடல்களைத் தொல்குடிச் சடங்குகளின் இக்கால வடிவம் என்றே கருதியவர். டிஜே என்பவர் ஒருவகைப் பூசாரி என்ற எண்ணம் அவர் வழியாகப் பலரிடம் பரவியது. அதற்கு முன்பே, மும்பைத் திரையிசையில் வாசித்து வந்த சரண்ஜித் சிங் 1982இல் ரோலண்ட் நிறுவனத்தின் தாளப் பொறியையும் பேஸ் பொறியையும் கொண்டு பத்து ராகங்களை நடன இசையாக்கி வெளியிட்டிருந்தார். அது அன்று விற்கவில்லை. 2010இல் மறுவெளியீடு கண்டபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. இத்தொழிலில் காலம் தாழ்ந்த அங்கீகாரம் எப்படிப்பட்டது என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று.

மலேசியத் தமிழ் இளைஞரின் பாதை இன்னும் குறுகலானது. 2006இல் யோகி பி, நட்சத்திரா குழுவின் ‘வல்லவன்’ தமிழ் ராப் இசைக்குக் கடல் கடந்த செவிகளைப் பெற்றுத்தந்தது. அங்கே சொல் இருந்தது, தமிழ் இருந்தது, ஆகவே தமிழ் வானொலியும் திரைத்துறையும் அதற்கு வாசல் திறந்தன. டிரான்ஸில் பெரும்பாலும் சொல்லே இல்லை. தமிழ்ச் சந்தைக்கு அது அந்நியம். பன்னாட்டுச் சந்தையிலோ செந்தூல்காரர் எண்ணற்றோரில் ஒருவர். இடையில் சோறு போடுவது கல்யாணமும் பிறந்தநாள் விருந்தும்தான். அங்கே யாரும் 56 விநாடி காத்திருக்க மாட்டார்கள் என்பது வேறு.

இவ்வளவும் பின்னணி. கேள்விக்கு வருவோமாயின், ஒலியே மயக்கத்துக்குக் காரணம் என்ற கருத்தை அறிவியல் மொழியில் வைத்தவர்களுள் ஆண்ட்ரூ நேஹர் குறிப்பிடத்தக்கவர். 1962இல் அவர் வெளியிட்ட ஆய்வு, மூளையின் மின்னலைகளில் விநாடிக்கு நான்கு முதல் எட்டுத் துடிப்பு வரையிலான வகைக்கு நெருங்கிய வேகத்தில் முழவொலி தொடர்ந்து அடிக்கப்பட்டால், அவ்வலைகள் அந்த வேகத்துக்கு இழுபட்டு இயல்பு மீறிய நடத்தையை விளைவிக்கலாம் என்று கூறியது. 138 வேக டிரான்ஸில் முழவடி விநாடிக்கு 2.3 முறை விழுகிறது. அதன் இரட்டிப்பு 4.6. ஆகவே இவ்விசையை விற்போருக்கு இக்கொள்கை மிகவும் இனித்ததில் வியப்பில்லை. ஆனால் ஆய்வுக்கூடத்தில் தனியே அமர்ந்து முழவொலி கேட்பவரையும், விரதமிருந்து ஆற்றில் குளித்து நிற்பவரையும் ஒரே தட்டில் வைக்க இயலுமா என்ற ஐயம் அப்போதே எழுந்தது.

அந்த ஐயத்தை நூலாக விரித்தவர் பிரெஞ்சு இசை மானிடவியலாளர் கில்பர்ட் ரூஜே. இசையும் தன்னிலை மறத்தலும் பற்றி 1980இல் வெளிவந்த அவரது பெருநூல், உலகெங்குமுள்ள ஆவேசச் சடங்குகளை ஒப்பிட்டு, எந்த ஒரு தாளமும் எந்த ஒரு கருவியும் தன்னியல்பால் மயக்கத்தை உண்டாக்குவதில்லை என்ற முடிவுக்கு வருகிறது. முழவுக்கே அந்த ஆற்றல் இருக்குமாயின் நாளெல்லாம் முழவு கேட்கும் நாடுகளில் யாரும் தெளிந்திருக்க முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம். அவர் சுட்டும் இன்னொரு செய்தி இக்கட்டுரைக்கு முதன்மையானது: ஆவேசச் சடங்குகளில் ஆட்கொள்ளப்படுபவர் ஒருவர், வாசிப்பவர் வேறொருவர், வாசிப்பவர் பொதுவாகத் தெளிந்த நிலையிலேயே இருக்கிறார். பத்துமலையில் காவடிக்கு அருகே நடக்கும் உறுமிக்காரரின் கண்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அவர் காவடி எடுப்பவரின் காலையும் மூச்சையும் கவனித்தபடி, எங்கே வேகம் கூட்டுவது, எந்தப் படியில் நிறுத்தி ஓய்வளிப்பது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். மடிக்கணினியில் எட்டுப் பார் துண்டு ஒன்றை இரவு முழுதும் கேட்டுத் திருத்தும் தயாரிப்பாளரும் அப்படியே. மயக்கத்தை உண்டாக்கும் இசையை மயங்கியவர் உண்டாக்க முடிவதில்லை.

ஒலி மட்டுமே காரணமன்று என்பதற்கு ஆய்வுக்கூடத்தைவிட வலுவான சான்று அண்டை நாட்டில் கிடைக்கிறது. சிங்கப்பூரில் தைப்பூச ஊர்வலப் பாதையில் இசைக்கருவிகள் வாசிப்பது 1973இல் தடை செய்யப்பட்டு, 2016இல்தான் பாதையின் சில இடங்களில் நேரடி இசை மீண்டும் அனுமதிக்கப்பட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சாலையில் மேளம் இல்லை. காவடிகள் நின்றுவிடவும் இல்லை. கைத்தட்டலும் ‘வேல் வேல்’ முழக்கமும் அந்த இடத்தை ஓரளவு நிரப்பின. எனினும் மேளம் வேண்டும் என்று பக்தர்கள் அத்தனை ஆண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்தனர் என்பதையும் மறக்கலாகாது. மேளமின்றியும் அது நிகழும், ஆனால் மேளத்தோடு நிகழ்வதையே அவர்கள் நிறைவாகக் கருதினர். அமெரிக்க ஆய்வாளர் ஜூடித் பெக்கர் 2004இல் வெளியிட்ட நூலில், ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்குக் கேட்கவே கற்றுக்கொடுக்கிறது, கேட்டால் என்ன ஆவது என்பதையும் சேர்த்தே கற்றுக்கொடுக்கிறது என்ற கருத்தை நிறுவுகிறார். உறுமி ஒலியில் செந்தூல் சிறுமிக்குச் சிலிர்ப்பதும் அருகில் நிழற்படம் எடுக்கும் பயணிக்குச் சிலிர்க்காததும் இவ்வகையில் விளங்குகின்றன. பத்துமலையில் காவடி எடுத்து அருள் வந்து ஆடும் சீனர்களும் இருக்கின்றனர். அவர்கள் இந்தக் கேட்கும் பழக்கத்தை இரத்தத்தால் பெறவில்லை, பழகிப் பெற்றனர்.

இந்த ஐயங்கள் மேலைநாட்டாரால் வந்தவை என்று எண்ண வேண்டியதில்லை. சங்க அகப்பாடல்களின் வெறியாட்டுத் துறை முழுவதும் இதே சிக்கலின்மேல் கட்டப்பட்டது. தலைவியின் மெலிவைக் கண்ட தாய் முருக பூசாரியான வேலனை அழைக்கிறாள். களம் இழைத்து, ஆட்டுக்குட்டியைப் பலியிட்டு, இசைக்கருவிகள் முழங்க வேலன் ஆடுகிறான். நோய்க்குக் காரணம் முருகு என்கிறான். தோழிக்கோ காரணம் மலைநாட்டுத் தலைவன் என்று தெரியும். ஐங்குறுநூற்றில் கபிலர் இதற்கென்றே ஒரு பத்துப் பாடல்களை ஒதுக்கியிருக்கிறார். மேளமும் ஆட்டமும் மெய்யாகவே நடக்கின்றன, மயக்கமும் மெய்; ஆனால் அதற்குச் சொல்லப்படும் காரணம் தவறாக இருக்கலாம் என்பதை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு அணித்தான பழமையுள்ள ஓர் இலக்கியம் நகையோடு பேசியிருக்கிறது. நம்மாழ்வார் திருவாய்மொழியின் நாலாம் பத்தில் ஆறாம் பதிகமாக இதே காட்சியை எடுத்துக்கொண்டு, நோயின் காரணம் திருமால் என்று தோழி வாயிலாகக் கூறி, வேலனின் சடங்கை விலக்குகிறார். ஒருவருக்குக் காதல், மற்றவருக்குக் கடவுள். ஆனால் முழவொலிதான் நோயும் மருந்தும் என்று இருவருமே ஒப்பவில்லை.

இவ்விடத்தில் சைவ சித்தாந்தம் தரும் காரணப் பாகுபாடு பெரிதும் உதவுகிறது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் பன்னிரண்டு நூற்பாக்களில் அருளிய சிவஞானபோதத்தின் வழிவந்த அந்த மரபு, எந்த விளைவுக்கும் முதற்காரணம், துணைக்காரணம், நிமித்த காரணம் என மூன்றைத் தேடும்: குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரமும் தண்டும் துணைக்காரணம், குயவர் நிமித்த காரணம். அருள்நிலைக்கு இதைப் பொருத்தினால், விரதத்தால் பக்குவப்பட்ட ஆன்மாவும் உடலும் முதற்காரணத்தின் இடத்திலும், மேளமும் புகையும் முழக்கமும் துணைக்காரணத்தின் இடத்திலும், முருகன் நிமித்த காரணமாகவும் அமைகின்றனர். நேஹர் சக்கரத்தைக் குயவராக்கினார் என்று சொல்லலாம். அவரை மறுத்தோருள் சிலர் சக்கரமே தேவையில்லை என்னும் எல்லை வரை போய்விட்டனர். சித்தாந்தி இரண்டையும் ஏற்கமாட்டார். துணைக்காரணம் இன்றியமையாதது, ஆனால் அது தானாக எதையும் செய்வதில்லை.

இந்தப் பார்வையில், உறுமி மேளத்தில் சினிமா மெட்டு வரலாமா என்ற ஆண்டுதோறும் நடக்கும் வாதம் வலுவிழந்துவிடுகிறது. துணைக்காரணத்தின் தூய்மை அதன் பிறப்பிடத்தால் அமைவதன்று. அது யாருக்குத் துணை நிற்கிறது என்பதால் அமைவது. தோலும் மரமும் புனிதம், மின்சுற்றும் கணினியும் மாசு என்பதற்கும் சித்தாந்தத்தில் இடமில்லை, ஏனெனில் தோலும் மின்சுற்றும் ஒன்றுபோலவே மாயையின் காரியங்கள், அதாவது உலகப் பொருளுக்கு மூலமான சடத்திலிருந்து தோன்றியவை. ஆகவே டிரான்ஸ் தயாரிப்பாளர் தம் கருவிக்காகச் சமயத்தின் முன் தலைகுனிய வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. அவர் விடை சொல்ல வேண்டிய கேள்வி வேறு.

ஆன்மாவின் இயல்புகளுள் ஒன்றாகச் சித்தாந்தம் கூறுவது சார்ந்ததன் வண்ணமாதல். தனித்து நிற்க இயலாத ஆன்மா, எதைச் சார்கிறதோ அதன் தன்மையைத் தான் பெற்றுவிடும் என்பது இதன் பொருள். அன்றாட நினைவின் பிடி தளர்ந்த வேளையில் இவ்வியல்பு இன்னும் கூர்மையாகச் செயல்படும் என்று கொள்வதில் முரணில்லை. அப்படியாயின், ஓர் இசை ஒருவரின் பிடியைத் தளர்த்துகிறதா என்பது பாதிக் கேள்வியே. தளர்ந்தவர் சாய்வதற்கு எது அருகில் வைக்கப்பட்டிருக்கிறது என்பது மீதி. காவடி எடுப்பவரின் முகம் மலையை நோக்கியிருக்கிறது. குடும்பத்தார் முகமும் அவரையும் மலையையும் நோக்கியிருக்கிறது. மேளக்காரர் பக்கத்தில் நிற்கிறார். அவரை யாரும் பார்ப்பதில்லை. இரவு விடுதியில் எல்லா முகங்களும் டிஜேயை நோக்கித் திரும்பியிருக்கின்றன. தொடக்கத்தில் பல விடுதிகளில் டிஜே ஓர் ஓரத்து அறையில் இருந்தவர். பின்னர் மேடை உயர்ந்தது, விளக்கு அவர்மேல் விழுந்தது, 2004இல் ஏதென்ஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் நாடுகளின் அணிவகுப்புக்கு டிஜே டியஸ்டோ நேரடியாக இசை வழங்கியபோது உலகமே பார்க்கும் இடத்துக்கு அவர் வந்துவிட்டார். துணைக்காரணம் நிமித்த காரணத்தின் பீடத்தில் ஏறி அமர்ந்த வரலாறு என்று இதைச் சித்தாந்தி எழுதுவார். கோவா கில்லின் பூசாரி உவமையும் இங்கேதான் தடுக்கி விழுகிறது. பூசாரி தம் பின்னால் ஒரு மூர்த்தியை வைத்துக்கொண்டு நிற்பவர். டிஜேயின் பின்னால் இருப்பது அவர் பெயரே ஒளிரும் திரை.

இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு, அது நேர்மையானது. இரவு விடுதியில் நடனமாடும் பலர் டிஜேயைச் சார்வதில்லை, பக்கத்தில் ஆடும் பெயர் தெரியாத மனிதரையும் ஒலியையுமே சார்கின்றனர். சாதி, வேலை, மொழி எல்லாம் சில மணி நேரம் கழன்றுவிடும் அந்த அனுபவத்தைப் பொய் என்று ஒதுக்குவது அவசரம். நான் என்னும் செருக்கு ஓரளவேனும் தளர்வது எந்தச் சமயத்தார்க்கும் நல்ல தொடக்கமே. மறுபுறம், உறுமி அணிகளும் இன்று முற்றிலும் பக்கத்தில் நிற்பதாகச் சொல்ல முடியாது. கைப்பேசிக் காமிராவை நோக்கி வாசிக்கும் மேளக்காரரும், காவடியைப் பின்னால் விட்டுவிட்டுத் தாமே நடுவில் ஆடும் குழுவும் பத்துமலையிலேயே உண்டு. சமய அமைப்புகளின் கண்டனம் மெட்டை விட்டு இந்தத் திசைமாற்றத்தைப் பற்றியதாக இருந்திருந்தால், அதற்குச் செவிசாய்க்க இளைஞருக்கும் ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

முகத்தின் திசையைவிட அவசரமானது இறக்கத்தைப் பற்றிய கேள்வி. கோயிலில் ஏற்றுவதற்கு உள்ள ஆட்கள் இறக்கவும் இருக்கின்றனர்: தண்ணீர் கொடுப்பவர், பின்னால் தாங்குபவர், திருநீற்றை அழுத்துபவர், ‘போதும்’ என்று மேளத்தை நிறுத்தும் மூத்தவர். 2014 மார்ச்சில் கோலாலம்பூர் புக்கிட் ஜாலிலில் நடந்த ஃபியூச்சர் மியூசிக் ஃபெஸ்டிவல் ஏஷியா என்ற பெருவிழாவை ஒட்டி ஆறு இளைஞர் உயிரிழந்து, இறுதி நாள் நிகழ்ச்சி கைவிடப்பட்டது. போதைப்பொருளே காரணம் என்று முதலில் பேசப்பட்டது. வெப்பத்தாக்கத்தின் பங்கை மருத்துவர்கள் பின்னர் சுட்டினர். எதுவாயினும், பெருங்கூட்டத்தில் வியர்த்து வாடும் ஓர் உடலைப் பார்த்துக்கொண்டே இருப்பவர் யார் என்ற கேள்வி மிஞ்சியது. பழியை இசையின்மேல் போடுவது எளிது, பயனற்றது. பத்துமலையிலும் தை வெயில் உண்டு, கூட்டம் பல மடங்கு உண்டு. அங்கே ஒவ்வொரு காவடிக்கும் தண்ணீர்ச் செம்பு ஏந்திய ஒரு சித்தப்பாவோ அக்காவோ உடன் நடக்கிறார்.

மின்னணு இசைக்குள்ளிருந்தே இந்தப் பொறுப்பை உணர்ந்தவரும் இல்லாமற் போகவில்லை. இத்தாலியில் வார இறுதி இரவுகளில் நடன விடுதிகளிலிருந்து வீடு திரும்பிய இளைஞர் பலர் சாலை விபத்துகளில் இறந்துகொண்டிருந்த காலத்தில், ராபர்ட் மைல்ஸ் என்ற பெயரில் இசையமைத்த ரொபெர்த்தோ கொன்சினா, இரவின் கடைசிப் பாட்டாகப் போடுவதற்கு, வேகத்தைத் தணித்து ஓட்டுநரின் மனத்தை அமைதிப்படுத்தும் வகையில் ஒன்றைச் செய்ய விரும்பினார். 1995இல் வெளிவந்து அடுத்த ஆண்டு ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் விற்பனையில் முதலிடம் பிடித்த ‘சில்ட்ரன்’ அவ்வாறு உருவானது. யூகோஸ்லாவியப் போரில் சிக்கிய குழந்தைகளின் நிழற்படங்களும் அதற்குத் தூண்டுதலாக இருந்தன என்பர். சமயச் சடங்கை அறிந்து அவர் இதைச் செய்ததாகத் தெரியவில்லை. ஆனால் மேளத்தை எங்கே நிறுத்த வேண்டும் என்று அறிந்த மூத்தவரின் வேலையை, நடனத்தளத்தில் அப்படி ஒருவர் இல்லாத குறையால், தயாரிப்பாளரே தம் தலையில் ஏற்றுக்கொண்டார் என்று இதைக் காணலாம்.

கூலி பற்றி ஒரு சொல். அருளை விற்கலாமா என்ற கேள்வி டிஜேயை நோக்கி எழுப்பப்படும்போது, உறுமிக் குழுவும் ஒரு காவடிக்கு இன்னது என்று பேசித்தான் வருகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். நாதஸ்வரக்காரருக்கும் தவில்காரருக்கும் கூலி கொடுத்தே கோயில்கள் இயங்கி வந்திருக்கின்றன. விற்கப்படுவது வாசிப்பு, அருளுக்கு விலை பேசியவர் எவரும் இல்லை. டிரான்ஸ் தயாரிப்பாளர் தம் உழைப்புக்கு ஊதியம் கேட்பதில் குறையில்லை, தன்னை மறக்கும் அனுபவத்தையே சீட்டில் அச்சிட்டு விற்பதில்தான் குறை. பெருவிழாக்களின் விளம்பரத்தில் இந்த இரண்டாவது வழக்கம் மிகுந்துவிட்டது. அதைப் பின்பற்ற வேண்டிய அவசியம் செந்தூல் இளைஞருக்கு இல்லை.

அவருக்கு வாய்த்திருக்கும் வசதி பெர்லினிலோ ஆம்ஸ்டர்டாமிலோ கிடைக்காதது. வீட்டிலிருந்து புறப்பட்டால் சில கோயில் வாசல்களைக் கடக்கும் முன்பே, எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது, யாரைப் பார்த்துக்கொண்டு வாசிப்பது என்பதைப் பல ஆண்டு தைப்பூசங்களில் கற்ற ஓர் உறுமிக்காரரை அவர் சந்திக்க முடியும். ரயில்வே வட்டாரத்தின் பழைய கட்டடம் ஒன்று 2005இல் கோலாலம்பூர் கலைநிகழ்ச்சி மையமாக மாறியதால், மேடையும் அதே செந்தூலிலேயே இருக்கிறது. குறைவது இருவரையும் ஓரிடத்தில் அமர்த்தும் மனம் மட்டுமே. ஆகவே கோயில் நிர்வாகத்தினரும் மேளக் குழுத் தலைவர்களும், மடிக்கணினியோடு வந்து மேளம் பழக வேண்டும் என்று கேட்கும் இளைஞரைச் சினிமாக்காரர் என்று விரட்டாமல், காவடிக்குப் பக்கத்தில் ஓராண்டு நடக்க விடுவார்களாக. அவரும், மேடை கிடைக்கும் நாளில், தம் கடைசிப் பாட்டை முதலில் தேர்ந்தெடுத்துக்கொண்டு போவாராக.